கைவிட்டவனுக்கும் பரிசு கொடுங்கள்: கண்டுபிடிப்புப் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை, விருதுநகர், திண்டுக்கல், சிவகங்கை வட்டாரக் கல்லூரிகளில் கண்டுபிடிப்புப் போட்டி நடத்துகிற பேராசிரியர்களுக்கும், நடுவர்களாக வந்து உட்காருகிற பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கிற ஜாப் ஒர்க்தான் சோறு போடுகிறது. ஆனால் பொங்கல் முடிந்துவிட்டால் போதும், உங்கள் பிள்ளைகள் ஏ4 தாளில் வரைந்த படத்தோடு வாசலில் வந்து நிற்பார்கள், ‘அண்ணே, இதைச் செஞ்சு தர முடியுமா, அடுத்த வாரம் போட்டி’ என்று. செய்து கொடுப்பேன். கூலியை முடிந்தவரை குறைத்துத்தான் வாங்குவேன், ஏனென்றால் அந்த வயதில் ஒரு பொருளைப் பற்றியே ராத்திரி பகலாக யோசிக்கிற பிள்ளையைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போட்டி நடத்தாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. இன்னும் நன்றாக நடத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் கவலை போட்டி முடிந்த மறுநாளைப் பற்றியது. மேடையில் பொன்னாடை போட்டு, பெரிய அட்டையில் எழுதின காசோலையைக் கையில் கொடுத்து, ‘நாளைய தொழிலதிபர்’ என்று மைக்கில் சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள். பையனும் அவன் அப்பா அம்மாவும் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். இந்த யோசனையை வைத்துத் தொழில் தொடங்கலாமா, பணம் போடலாமா, யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு வாங்குவார்கள் என்ற கேள்விகளை அதுவரை யாரும் அவனிடம் கேட்டிருக்க மாட்டார்கள். இயந்திரம் ஓடுகிறதா, புதுமையாக இருக்கிறதா, பிபிடி நன்றாக இருக்கிறதா, இவ்வளவுதான் உங்கள் மதிப்பெண் தாளில் இருக்கிறது. பல கல்லூரிகளின் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஒரு மல்லிகைக் கதை சொல்கிறேன். மதுரையில் இருந்துகொண்டு மல்லிகை பறிக்கிற இயந்திரத்தை யோசிக்காத இன்ஜினியரிங் மாணவன் இருக்க முடியாது, வருடத்துக்கு ஒரு குழுவாவது அந்தப் படத்தோடு வந்துவிடும். அப்படி வந்த ஒரு குழு நல்ல கெட்டிக்காரப் பிள்ளைகள். முதுகில் பேட்டரி ஸ்பிரேயர் மாதிரி ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாய் நுனியில் மொட்டைக் கிள்ளி உள்ளே இழுக்கிற ஒரு சின்ன அமைப்பு. மேசையில் வைத்துப் பார்த்தால் அழகாக வேலை செய்தது. போட்டிக்குப் போவதற்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்று சொல்லி, திருமங்கலம் தாண்டி எனக்குத் தெரிந்தவர் தோட்டத்துக்கு விடியும் முன்னே அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே நாலைந்து அக்காக்கள் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். ஒரே செடியில் இரண்டு கையும் ஓடும். கட்டைவிரல் நகமும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளும், கிள்ளின மொட்டு உள்ளங்கையில் சேரும், கை நிறைந்ததும் மடிக்குப் போகும். இன்றைக்கு மலரப்போகிற வெள்ளை மொட்டு எது, நாளைக்கு விட வேண்டிய பச்சை மொட்டு எது என்பதைக் கண் பார்ப்பதற்குள் விரல் முடிவு பண்ணிவிடும். நம் பிள்ளைகளின் குழாயைப் பிடிக்க ஒரு கை போய்விடுகிறது. மிச்சம் ஒரு கைதான். குழாய்க்கு வெள்ளை மொட்டும் பச்சை மொட்டும் ஒன்றுதான். அதைவிடப் பெரிய சிக்கல், குழாயில் உரசி வந்த மொட்டுகள் பத்து மணிக்கெல்லாம் பட்ட இடத்தில் பழுப்பேறிவிட்டன. அந்தப் பூவை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால் கமிஷன் கடைக்காரர் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார்.

சரி, இதெல்லாம் சரிபண்ணிவிடலாம், மென்மையான குழாய் போடலாம், கேமரா வைத்துப் பச்சை மொட்டைப் பிரிக்கலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். முடியலாம், மறுக்கவில்லை. ஆனால் அதற்குமேலே ஒரு கேள்வி நிற்கிறது. இதை வாங்கப்போவது யார்? பறிக்கிறவர்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வேகமாகப் பறித்தால் லாபம் பறிக்கிற அக்காவுக்கு, தோட்டக்காரருக்கு இல்லை. அவர் எப்படியும் அதே கிலோக் கூலியைத்தான் கொடுக்கப்போகிறார். அப்படியானால் அக்காதான் வாங்க வேண்டும், விடியக்காலையில் கொஞ்ச நேரம் பார்க்கிற வேலைக்கு அவர் எங்கிருந்து ஆயிரக்கணக்கில் போடுவார்? தோட்டக்காரர் வாங்க வேண்டுமென்றால் கூலியைக் குறைக்க வேண்டும், கூலியைக் குறைத்தால் மறுநாள் ஆள் வராது. இன்னொன்றும் இருக்கிறது. மார்கழி, தையில் பனி அடித்து வரத்து சுருங்கும்போது பூ விலை ஏறும், ஆனால் பறிக்கச் செடியில் பூ இருக்காது. வெயில் காலத்தில் பூ கொட்டும்போது ஆள் பற்றாக்குறை வரும், ஆனால் அப்போது விலை விழுந்து தோட்டக்காரர் கையில் காசு இருக்காது. இயந்திரம் தேவைப்படுகிற மாதத்தில் வாங்கப் பணமில்லை, பணமிருக்கிற மாதத்தில் தேவையில்லை. எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இருக்காது, ஆனால் அந்தத் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து டீ குடிக்கிற நேரத்தில் தெரிந்துவிடும்.

கிளம்பும்போது ஒரு அக்கா சொன்னார்: ‘மிசினு நல்லாத்தேன் இருக்கு தம்பி. ஆனா எங்களுக்கு என்னா வேணும்னா, இந்தப் பனியில இடுப்புக்குக் கீழ சேலை பூராம் நனைஞ்சு போகுதுல்ல, அதுக்கு ஒரு வழி பண்ணுங்க. நனையாம, நடக்கவும் தோதா, பூவையும் போட்டுக்கிற மாதிரி.’

எனக்கு அந்தக் காலையிலேயே பெரிய வெற்றி அதுதான் என்று பட்டது. ஒரு யோசனை சந்தைக்குத் தேறாது என்று ஒரு பைசா கடன் வாங்குவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது, கூடவே வாங்குகிறவர் வாயாலேயே இன்னொரு யோசனை வந்துவிட்டது. ஆனால் போட்டியில் என்ன நடந்தது? அந்தப் பிள்ளைகள் இதில் ஒரு வார்த்தையைக்கூட மேடையில் சொல்லவில்லை. நடுவர் கேட்டபோது, ‘விவசாயிகள் நல்ல வரவேற்பு கொடுத்தார்கள் சார்’ என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் உங்கள் தாளில் மதிப்பெண் குறையும். பனியில் நனைகிற சேலையைப் பற்றி எழுத அதில் இடமே இல்லை. இரண்டாம் பரிசு வாங்கினார்கள். உண்மையைக் கண்டுபிடித்துவிட்டு அதை மறைத்துத்தான் பரிசு வாங்க வேண்டும் என்ற நிலைமையை நீங்கள்தான் மாற்ற வேண்டும், அதற்குத்தான் இந்த மடல்.

இந்தப் பிள்ளைகளாவது தப்பித்தார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், தேங்காய் உரிக்கிற மோட்டார் இயந்திரம் செய்து ஒரு கல்லூரியில் முதல் பரிசு வாங்கினான். பேப்பரில் படம் வந்தது. அந்தச் சூட்டோடு அம்மாவின் நகையை அடகு வைத்து இருபது இயந்திரம் செய்துவிட்டான். வாடிப்பட்டியில் ஒரு தேங்காய் வியாபாரியிடம் கொண்டுபோய் ஓட்டிக் காட்டியபோது, அவர் தன்னிடம் உரிக்கிற ஆளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்தார். தரையில் நட்ட பாரையில் இரண்டு குத்து, ஒரு திருப்பு, மட்டை தனியே வந்துவிடும். இயந்திரம் ஒரு காயை முடிப்பதற்குள் அவர் கையில் அடுத்த காய் வந்துவிட்டது. ‘கரண்டு பில்லு, ரிப்பேரு எல்லாம் யாரு தம்பி பாக்குறது?’ என்று வியாபாரி தன்மையாகத்தான் கேட்டிருக்கிறார். சரி, வீட்டுக்கு வாங்குவார்களா என்றால், கேரள வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய கைநெம்புகோல் கருவியும் அதைப் பார்த்துச் செய்ததும் பல வருடமாகக் கடைகளில் கிடைக்கின்றன, மின்சாரமே வேண்டாம், விலையும் குறைவு. பையன் என்னிடம் வந்தது அந்த மோட்டார்களை யாராவது வாங்குவார்களா என்று கேட்கத்தான். அந்த வியாபாரியைப் போட்டிக்கு முன்னால் ஒரே ஒரு காலையில் பார்த்திருந்தால் அந்த நகை அடகுக் கடைக்குப் போயிருக்காது.

நீங்கள் உங்கள் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி, ‘சந்தையில் போட்டி இருக்கிறதா?’ என்பது. அவர்களும் இன்டர்நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி இயந்திரம் யாரும் செய்யவில்லை சார் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பாரைக்குக் கம்பெனி இல்லை, வெப்சைட் இல்லை. மக்கள் இன்றைக்கு அந்த வேலையை எப்படிச் செய்கிறார்களோ அதுதான் முதல் போட்டியாளர். அரிவாள், முறம், கயிறு, வீட்டில் சும்மா இருக்கிற மாமியார், ஒன்றும் செய்யாமல் பொறுத்துக்கொண்டு போவது, இவையெல்லாம் போட்டியாளர்கள்தான். இவற்றைத் தோற்கடிக்க கொஞ்சம் நல்லதாக இருந்தால் போதாது, பழக்கத்தை விட்டுவிட்டு வருகிற அளவுக்கு நல்லதாக இருக்க வேண்டும்.

இன்னொரு பழக்கம், கூகுள் படிவம் வைத்துச் சர்வே எடுப்பது. நம் ஊர்க்காரர்கள் ஒரு பிள்ளை வந்து ஆசையாகக் காட்டினால் முகத்தில் அடித்தாற்போல் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ‘நல்லா இருக்கு தம்பி, செய்ங்க, பார்ப்போம்’ என்பார்கள். அதை நூறு பேரிடம் வாங்கி எண்பத்தைந்து சதவீதம் பேர் ஆதரவு என்று படம் போட்டால் அதற்கு அர்த்தமே கிடையாது. முன்பணம் கேட்கச் சொல்லுங்கள். ‘அண்ணாச்சி, பத்து இயந்திரம்தான் செய்யப்போகிறேன், ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் உங்கள் பெயரை எழுதிக்கொள்கிறேன், வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்’ என்று கேட்டுப் பார்த்தால், அதுவரை சிரித்த முகத்தோடு தலையாட்டியவர் அப்போதுதான் நிஜமாக யோசிப்பார். அந்த யோசனையில் அவர் கேட்கிற கேள்விகள்தான் பாடம். இதை எத்தனை ஆண்டு ஓட்டலாம், என் வயலுக்குள் வண்டியில் கொண்டுவர முடியுமா, கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது, பழசானதும் ஒரு விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா. கேட்ட எல்லோரும் மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான், எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய பதில்.

விலைக் கணக்கு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டறைக்காரன் என்ற முறையில் இதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். மாணவர்கள் திட்ட அறிக்கையில் ‘தயாரிப்புச் செலவு 4,000 ரூபாய், விற்பனை விலை 5,000 ரூபாய், லாபம் 1,000 ரூபாய்’ என்று எழுதுகிறார்கள், பேராசிரியர்களும் சரி என்று கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த 4,000-ல் அவர்களுடைய சொந்த உழைப்புக்குக் கூலி இல்லை, பட்டறை வாடகை இல்லை, கெட்டுப்போகிற பீஸ் இல்லை, பெயின்ட் இல்லை, பேக்கிங் இல்லை, லாரி வாடகை இல்லை. கடையில் வைத்து விற்கிறவர் தன் பங்கைக் கேட்பார், அதோடு சரக்கை இன்றைக்கு எடுத்துக்கொண்டு பணத்தை ஒன்றரை மாதம், இரண்டு மாதம் கழித்துத்தான் கொடுப்பார், அதுவரை அடுத்த சரக்குக்கு உங்கள் கையில் இருந்துதான் பணம் போட வேண்டும். ஜிஎஸ்டி தனி. ஒரு வருட வாரண்டியில் ஓடுகிற ரிப்பேர் தனி. எங்கள் வட்டாரத்தில் சொந்தமாகச் சரக்கு செய்து விற்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், செய்கிற செலவைப் போல இரண்டு இரண்டரை மடங்கு விலைக்கு விற்றால்தான் கடைசியில் கையில் ஏதாவது நிற்கும் என்பார்கள். அப்படியானால் 4,000 ரூபாய் இயந்திரத்தை 10,000-க்கு வாங்குவார்களா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். 10,000-க்கு வாங்க மாட்டார்கள் என்றால் செலவை 2,000-க்குக் கொண்டுவர முடியுமா என்று பார்க்க வேண்டும். இரண்டும் நடக்காது என்றால் இயந்திரம் எவ்வளவு அழகாக ஓடினாலும் அது தொழில் ஆகாது.

மோல்டு, அதாவது பிளாஸ்டிக் பொருளை வார்க்கிற அச்சு, அந்த விஷயமும் அப்படித்தான். 3டி பிரிண்டரில் ஒரு பிளாஸ்டிக் மூடியை அடித்துக்கொண்டு வந்து, இதை மோல்டிங்கில் போட்டால் ரொம்பக் குறைந்துவிடும் அண்ணே என்பார்கள். குறையும், எத்தனை பீஸ் என்பதைப் பொறுத்து. மோல்டு செய்ய 4 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20,000 பீஸ் விற்றால் ஒரு பீஸுக்கு மோல்டு செலவு 20 ரூபாய். 500 பீஸ்தான் விற்கும் என்றால் 800 ரூபாய். அந்த 20,000 பேர் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரியாமல் மோல்டுக்கு முன்பணம் கொடுத்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வளைத்த தகட்டிலேயே முதல் நூறைச் செய்து விற்றுப் பார்க்கலாமே. அதேபோல, கூடியவரை நம் ஊர்க் கடையில் கிடைக்கிற உதிரிபாகத்தைப் போடச் சொல்லுங்கள். 6203 பேரிங் என்றால் மேலூரிலும் கிடைக்கும், பேரையூரிலும் கிடைக்கும். ஆன்லைனில் சீனாவிலிருந்து வரவழைத்த மோட்டார் என்றால், அது எரிந்துபோன அன்றைக்கு அந்த விவசாயிக்கு உங்கள் இயந்திரம் வெறும் இரும்புதான்.

வருடத்தில் இருபது நாள் மட்டும் பயன்படுகிற இயந்திரமாக இருந்தால், விற்பதைவிட வாடகைக்கு விடுவது சரியாக வருமா என்றும் பார்க்க வேண்டும். வேளாண் பொறியியல் துறை டிராக்டரையும் மற்ற இயந்திரங்களையும் மணிக்கணக்கு வாடகைக்குத்தானே விடுகிறது.

அடுத்தது காப்புரிமை. இதில் உங்கள் பக்கம் பெரிய குழப்பம் இருக்கிறது, அதனால் பிள்ளைகளுக்கு நேரடியாக நஷ்டம் வருகிறது.

காப்புரிமைச் சட்டப்படி, விண்ணப்பிக்கிற நாளில் அந்தக் கண்டுபிடிப்பு உலகத்தில் எங்கேயும் வெளியே வராத புது விஷயமாக இருக்க வேண்டும். கண்டுபிடித்தவனே வெளியே காட்டினாலும் வெளியே வந்ததுதான். மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் வைத்தால் 12 மாதம் வரை சலுகை உண்டு, 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். உங்கள் கல்லூரி ஆடிட்டோரியத்தில் நடக்கிற கண்காட்சி அந்த மாதிரி அறிவிக்கப்பட்டது இல்லை. ஆனால் நீங்கள் முதலில் மேடையேற்றி, யூடியூபில் போட்டு, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுப் படமெடுத்துவிட்டு, அதற்கப்புறம் ‘பேட்டன்ட் போடலாம் தம்பி’ என்கிறீர்கள். அதற்குள் அது ஊரறிந்த விஷயமாகிவிடுகிறது.

இதைத் தவிர்ப்பது ஒன்றும் பெரிய செலவில்லை. தனிநபர் ஆன்லைனில் தற்காலிக விண்ணப்பம் போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். அதைப் போட்டுவிட்டுக் காட்டினால், கண்டுபிடிப்பு புதுசா என்று அந்தத் தேதியை வைத்துத்தான் பார்ப்பார்கள், முழு விவரத்தோடு விண்ணப்பத்தை முடிக்க 12 மாதம் நேரம் கிடைக்கும். என்னைக் கேட்டால் இந்த 12 மாதம்தான் முடிவெடுக்கிற காலம். தோட்டத்துக்குப் போவது, முன்பணம் கேட்பது, விலை போடுவது எல்லாவற்றையும் இதற்குள் செய்து பார்த்துவிடலாம். தேறும் என்றால் முழு விண்ணப்பம், ஆய்வுக்கான 4,000 ரூபாய், ஏஜென்ட் கட்டணம் என்று மேலே போகலாம். தேறாது என்றால் 1,600 ரூபாயோடு நின்றுவிடலாம். இந்த வசதி சட்டத்திலேயே இருந்தும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

அதற்கு முன்னால் தேடிப் பார்க்க வேண்டும். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளத்திலும், கூகுள் பேட்டன்ட்ஸிலும் காசில்லாமல் தேடலாம். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் நம் யோசனையை ஜப்பானில் எவரோ எப்போதோ செய்துவிட்டாரா என்று ஓரளவு தெரிந்துவிடும். தெரிந்துகொண்டால் சோர்ந்துபோக வேண்டியதில்லை, அவர் அதை ஏன் விற்க முடியாமல் போனார் என்று பார்க்கலாம். அப்புறம், ஏற்கெனவே இருக்கிற இரண்டு மூன்று கருவிகளை ஒன்றாகப் பூட்டி, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தன் பழைய வேலையையே செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்று 3-ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. குடையில் ஃபேன், குச்சியில் டார்ச் வகைத் திட்டங்கள் பாதி இதில் அடிபட்டுவிடும்.

கல்லூரி வாசலில் ‘காப்புரிமை பெற்ற எங்கள் மாணவர்’ என்று பிளக்ஸ் வைக்கிறீர்கள். விசாரித்தால் விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகியிருக்கும், அவ்வளவுதான். விண்ணப்பித்தால் 18 மாதத்தில் தானாகவே வெளியாகும், அதற்கு முன்னால் வேண்டுமென்றால் கட்டணம் கட்டிக் கேட்கலாம். வெளியாவது வேறு, ஆய்வு முடிந்து வழங்கப்படுவது வேறு. டிசைன் பதிவும் அப்படித்தான், அது தோற்றத்தை மட்டும்தான் காக்கும், இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கல்லூரிக்குத் தரம் போடுகிற மதிப்பீட்டுக் குழு வருகிறது, எண்ணிக்கை காட்ட வேண்டும் என்ற உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த பிளக்ஸை நம்பி ஒரு பையன் பேங்கில் கடன் கேட்டுப் போகிறான், கடன் கொடுக்க யோசிக்கிற மேனேஜர் மேல் அவன் அப்பா கோபப்படுகிறார். அந்தக் குடும்பத்துக்கு உண்மையைச் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. அப்படியே நிஜமாகவே காப்புரிமை கிடைத்தாலும், 20 வருடத்துக்கு மற்றவர்களைத் தடுக்கிற உரிமைதான் அது. வாங்குகிற ஆளை அது கொண்டுவராது.

மேடைக்கு மேடை கோவை முருகானந்தம் பெயரைச் சொல்கிறீர்கள். சொல்ல வேண்டிய பெயர்தான், 2016-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். ஆனால் நீங்கள் சொல்வது அவர் பட்ட அவமானத்தையும் விடாமுயற்சியையும் மட்டும்தான். அவர் நாப்கினைச் செய்து பெரிய கம்பெனிகளோடு கடையில் மோதவில்லை, நாப்கின் செய்கிற சின்ன இயந்திரத்தை மகளிர் குழுக்களுக்கு விற்றார். அந்தந்த ஊர்ப் பெண்களே செய்து, தெரிந்த பெண்களுக்கே விற்றார்கள். யாருக்கு விற்பது என்று அவர் எடுத்த முடிவு அந்த இயந்திரத்தைப் போலவே பெரிய கண்டுபிடிப்பு. அதையும் மேடையில் சொல்லுங்கள்.

அதைவிடப் பக்கத்தில், நம் மதுரையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கண்புரை அறுவைக்கு அப்புறம் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை முதலில் வைத்தவர் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி, 1949-இல். நம் ஊரில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போதெல்லாம் அறுவை முடிந்தவர்களுக்குத் தடிமனான கண்ணாடிதான், உள்ளே வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாது. 1992-இல் அரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி இங்கேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். தொழில்நுட்பம் வெளியிலிருந்து வந்தது, லென்ஸ் என்ற யோசனையும் அவர்களுடையது இல்லை. ஆனால் யாருக்கு வேண்டும், ஏறக்குறைய எத்தனை வேண்டும், என்ன விலைக்குள் இருந்தால் அவர்களுக்கு எட்டும், தரத்தில் எங்கே விட்டுக்கொடுக்கவே கூடாது என்பதெல்லாம் தொழிற்சாலை வருவதற்கு முன்பே அந்த மருத்துவமனையின் அறுவை அரங்கில் தெரிந்திருந்தது. இன்றைக்கு அந்த லென்ஸ் பல நாடுகளுக்குப் போகிறது. சிவகங்கை ரோட்டில் வீரபாஞ்சான் வழியாகப் போகிற உங்கள் கல்லூரிப் பேருந்திலிருந்து பார்த்தாலே அந்தக் கட்டிடம் தெரியும். புதுமைக்கு மட்டும் மதிப்பெண் கொடுக்கிற உங்கள் தாளில் அரோலேப் வந்து நின்றால் எவ்வளவு வாங்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

நான் கேட்பது இதுதான். உங்கள் மதிப்பெண்ணில் பாதியையாவது இந்த விசாரணைக்கு ஒதுக்குங்கள்: யாரைப் பார்த்தாய், அவர் இப்போது எப்படிச் சமாளிக்கிறார், எவ்வளவு கொடுப்பார், முன்பணம் கேட்டாயா, உன் கூலியையும் சேர்த்து விலை போட்டாயா. விசாரித்துப் பார்த்தேன், இது தேறாது, இன்ன காரணம், அதனால் கைவிடுகிறேன் என்று ஆதாரத்தோடு வந்து நிற்கிற குழுவுக்கு முதல் பரிசுக்குச் சமமாக ஒரு பரிசு வையுங்கள். அந்த அறிக்கைகளை நூலகத்தில் வையுங்கள், அடுத்த வருடம் மல்லிகை இயந்திரத்தோடு வருகிற குழு அதைப் படித்துவிட்டு அங்கிருந்து தொடங்கட்டும். நடுவர் நாற்காலிகளில் ஒன்றில் ஒரு வியாபாரியை உட்காரவையுங்கள், பூக் கமிஷன் கடைக்காரரோ, விவசாயக் கருவி விற்கிறவரோ, ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக்கோ. இன்னொன்றில் பறிக்கிற, உரிக்கிற, சுமக்கிற ஆள் ஒருவர், அன்றைய கூலியோடு. மேடையேற்றுவதற்கு முன் தற்காலிக விண்ணப்பத்துக்கான 1,600 ரூபாயைக் கல்லூரியே கட்டட்டும், பொன்னாடைச் செலவைவிட அது பெரிதில்லை.

பசங்க கற்றுக்கொள்ளத்தான் செய்கிறார்கள், அவர்களை ஏன் வியாபாரிகளாக்குகிறீர்கள் என்று சில பேராசிரியர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. கற்றுக்கொள்ள மட்டும் செய்வதென்றால் அதைப் போல சந்தோஷமான வேலை இல்லை, அந்த இயந்திரம் சந்தைக்கே போக வேண்டாம். அப்படியானால் மேடையில் ‘தொழில்முனைவோர்’ என்று பட்டம் கட்டாதீர்கள், மாவட்டத் தொழில் மையத்துக்குப் போ, மானியம் வாங்கு என்று அன்றைக்கே ஏற்றிவிடாதீர்கள். மானியம் போக மிச்சம் இருப்பது கடன், அதை அந்தக் குடும்பம்தான் கட்ட வேண்டும்.

இத்தனை கேள்வி கேட்டால் பிள்ளைகள் பயந்து ஒதுங்கிவிடுவார்கள் என்றும் சொல்கிறார்கள். என் பட்டறையில் நான் பார்த்த வரைக்கும் அப்படி இல்லை. தோட்டத்துக்குப் போய்வந்த பிள்ளைகள் அடுத்த படத்தோடு சீக்கிரமே வந்துவிடுகிறார்கள், இந்த முறை படத்தில் அளவுகள் சரியாக இருக்கும், எந்தச் செடி, எந்த உயரம், எந்தக் கை என்று எழுதியிருக்கும். நகையை அடகு வைத்துவிட்டு உட்கார்ந்தவன்தான் திரும்பி வருவதே இல்லை. அவனுக்கும் நல்ல மூளைதான்.

அடுத்த போட்டிக்கான விதிமுறைத் தாளை நீங்கள் பெரும்பாலும் தீபாவளி முடிந்து தயார் பண்ணுகிறீர்கள். அது அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை கப்பலூருக்கு வாருங்கள், இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வருகிறேன். மாட்டுத்தாவணிப் பூக்கடைக்காரர்கள் இரண்டு பேர் நடுவராக வரத் தயாராக இருக்கிறார்கள், கேட்டுவிட்டேன். காலை வியாபாரம் முடிந்து பதினொரு மணிக்கு மேல் வைத்தால் வருவார்கள். அந்தத் தோட்டத்து அக்காவையும் கேட்டேன். கார் அனுப்பினால் வருகிறேன் என்றார், பனிக்கு ஏதாவது செய்தார்களா என்றும் விசாரித்தார்.

இப்படிக்கு,
கப்பலூர் பக்கத்து லேத் பட்டறைக்காரன்